கூடத்துச் சுவருக்குக் கருப்பட்டி நிறம்: நான்கு சுவருக்குமா, ஒன்றுக்கு மட்டுமா?

காவிரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருவானைக்காவலில் என் மாமனார் 1978ஆம் ஆண்டு கட்டிய வீட்டில் நாங்கள் குடியிருக்கிறோம். வருகிற தை பிறப்பதற்குள் கூடத்துக்குப் புதிதாக வண்ணம் அடித்துவிட வேண்டும் என்று எண்ணியிருக்கிறோம். கூடம் 18 அடி நீளமும் 14 அடி அகலமும் கொண்டது. மேல்தளம் 10 அடி உயரத்தில் இருக்கிறது. தரை அந்தக் காலத்துச் சிவப்பு ஆக்சைடு பூச்சு. இத்தனை ஆண்டுகள் துடைத்துத் துடைத்து இன்றைக்கும் முகம் தெரிகிற அளவுக்குப் பளபளக்கிறது. நிலைகளும் கதவுகளும் தேக்கு. நடுவில் பித்தளைச் சங்கிலி போட்ட ஊஞ்சல் தொங்குகிறது. கிழக்குச் சுவரில் மட்டும் ஓர் அகலமான ஜன்னல் இருப்பதால் காலை பத்து, பத்தரை வரைக்கும் வெளிச்சம் தாராளமாக இருக்கும். அதற்குப் பிறகு நாள் முழுவதும் மங்கல்தான்.

இதுவரை சுவர்களுக்குச் சந்தன நிற டிஸ்டெம்பர்தான் அடித்து வந்திருக்கிறோம். கை வைத்தால் மாவு போல ஒட்டுகிறது. இந்த முறை எனக்கு வேறொரு ஆசை. கருப்பட்டியை உடைத்தால் உள்முகத்தில் ஒரு நிறம் தெரியுமே, கறுப்பும் இல்லாமல், சிவப்பும் இல்லாமல், உள்ளே சூடு ஒளிந்திருப்பது போன்ற அந்தப் பழுப்பு, அதுதான் வேண்டும். கடையில் நிற அட்டையைப் புரட்டி, ஏறத்தாழ அதைப் போன்ற ஒன்றைத் தேர்ந்தெடுத்து, சிறிய டப்பா ஒன்றைக் கலக்கச் செய்து வாங்கி வந்து, மேற்குச் சுவரில் இரண்டடிச் சதுரத்துக்கு நானே இரண்டு கை, அதாவது ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு முறை, அடித்துப் பார்த்தேன்.

காலையில் பார்த்தபோது மனம் நிறைந்தது. மாலை ஆறரை மணிக்கு டியூப்லைட்டைப் போட்டதும் அதே சதுரம் கத்தரிக்காய்த் தோல் போல ஆகிவிட்டது. என் கணவர் அதைப் பார்த்துவிட்டு, புகை பிடித்த அடுப்படிச் சுவர் போல இருக்கிறது என்றார். வண்ணம் அடிக்க வந்து பார்த்தவர், அடர் நிறம் அடித்தால் கூடம் பாதியாகச் சுருங்கிவிடும், மூன்று கை அடிக்க வேண்டியிருக்கும், பிறகு மாற்ற நினைத்தாலும் மாற்ற முடியாது என்று பயமுறுத்திவிட்டுப் போனார். விளக்கேற்றுகிற வீட்டுக்கு இவ்வளவு இருட்டு எதற்கு என்று மாமியாரும் கேட்கிறார்.

நான் கேட்க விரும்புவது இதுதான். அடர் பழுப்பை நான்கு சுவர்களுக்கும் அடிக்கலாமா, ஒரு சுவரோடு நிறுத்திக்கொள்ள வேண்டுமா? ஒரே நிறம் காலையில் ஒன்றாகவும் மாலையில் வேறொன்றாகவும் தெரிவது ஏன்? உண்மையிலேயே அடித்துப் பார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மதுரை வண்ணக்காரர் எழுதியது:

அம்மா, வணக்கம். இருபத்தேழு ஆண்டுகளாக வண்ண வேலையை ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்து வருகிறேன். உங்கள் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன்னால், பழுப்பு என்பது என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் இந்த ஒரு விஷயம் புரியாமல்தான் பலரும் நிற அட்டையில் ஒன்றைக் காட்டிவிட்டுச் சுவரில் வேறொன்றைப் பார்த்துத் திகைக்கிறார்கள். பழுப்பு தனி நிறம் அன்று. ஆரஞ்சு நிறத்தை இருட்டாக்கினால் கிடைப்பதுதான் பழுப்பு. வானவில்லில் அதைத் தேடினாலும் கிடைக்காது. பக்கத்தில் அதைவிட வெளிச்சமான ஏதாவது ஒன்று இருந்தால்தான் நம் கண் அதைப் பழுப்பு என்று எடுத்துக்கொள்கிறது. ஆகவே பழுப்புச் சுவரின் அழகில் பாதி, அதற்கு அண்டையில் இருக்கும் வெளிர் நிறத்தாலும் அதன் மீது விழும் விளக்காலும் வருவது.

இப்போது உங்கள் கத்தரிக்காய்க்கு வருகிறேன். அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். முதலாவது விளக்கு. நம் வீடுகளில் வெள்ளை டியூப் என்று வாங்குவது பெரும்பாலும் 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு; எண் கூடினால் நீலம் கூடும், குறைந்தால் மஞ்சள் கூடும்) கொண்ட, நீலம் தூக்கலான வெளிச்சம். பழுப்புச் சுவர் திருப்பித் தருவதெல்லாம் சிவப்பும் மஞ்சளும் கலந்த ஒளிதான். நீலத்தை அது விழுங்கிவிடும். உள்ளே வருகிற வெளிச்சத்தில் சிவப்பும் மஞ்சளும் குறைவாக இருந்தால், திருப்பித் தர அந்தச் சுவரிடம் என்ன இருக்கிறது? சேறு போலத்தான் தெரியும்.

இரண்டாவது காரணம் டப்பாவுக்குள் இருக்கிறது. கடையில் இயந்திரம் வண்ணச்சாறுகளைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கிய பிறகு, மூடியின் மீது ஒரு சீட்டு ஒட்டுவார்கள். அதில் எந்தச் சாறு எவ்வளவு போட்டார்கள் என்பது குறிக்கப்பட்டிருக்கும். இல்லையென்றால் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். நல்ல சூடான பழுப்பில் சிவப்பு ஆக்சைடும் மஞ்சள் ஆக்சைடும் முக்கியமாக இருக்க வேண்டும். கறுப்பு அவற்றை அடக்குவதற்காக மட்டுமே வர வேண்டும். கறுப்பு மிகுந்து, மஞ்சள் குறைந்து, அதோடு ஊதாவோ மெஜந்தாவோ கொஞ்சம் சேர்ந்திருந்தால் உங்கள் கணவர் சொன்னதில் தவறில்லை. மஞ்சள் ஆக்சைடு தூக்கலாக உள்ள இன்னொரு எண்ணைக் கேட்டுப் பாருங்கள். இன்னொரு நன்மையும் உண்டு. இந்த ஆக்சைடுகள் இரும்புச் சத்திலிருந்து வருபவை. உங்கள் சிவப்புத் தரையும் கோயில் மதிலின் காவிப்பட்டையும் இதே குடும்பம்தான். வெயிலுக்கு எளிதில் வெளுக்காது.

ஒத்திகை பார்த்த முறையையும் மாற்றிக்கொள்ளுங்கள். சந்தன நிறச் சுவரில் நடுவாக ஒரு சதுரம் அடித்தால் அந்தச் சந்தனமே கண்ணைக் குழப்பும். இரண்டடிக்கு இரண்டடி ஒட்டுப்பலகை ஒன்றை வாங்கி, ஓரத்தில் இரண்டு அங்குலம் வெள்ளையாக விட்டு, உள்ளே இரண்டு கை அடித்து நன்றாகக் காயவிடுங்கள். எமல்ஷன் (நீரில் கலக்கும் சுவர் பெயிண்ட்) ஈரத்தில் சற்று வெளிறித் தெரியும், காய்ந்த பிறகுதான் அடர்வு வரும். அந்தப் பலகையைக் காலையில் ஒரு சுவரிலும், உச்சிப்பொழுதில் இன்னொன்றிலும், இரவில் தேக்குக் கதவுக்குப் பக்கத்திலும் சாய்த்து வைத்து மூன்று நாட்கள் பாருங்கள்.

நான்கு சுவரா, ஒன்றா என்ற கேள்விக்கு என் பதில்: மேற்குச் சுவர் ஒன்றுக்கு மட்டும் அடியுங்கள். காலை வெயில் ஜன்னல் வழியாக வந்து நேரே அதன் மீதுதான் விழும். ஜன்னல் இருக்கும் கிழக்குச் சுவருக்கு அடர் நிறம் அடிப்பதுதான் பலர் செய்கிற பிழை. ஜன்னலின் கூசும் வெளிச்சத்துக்கு நடுவே, தன் மீது ஒளியே விழாத அந்தச் சுவர் பகலிலேயே கறுத்துக் கிடக்கும்.

வேலையைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். மாவு போல ஒட்டும் டிஸ்டெம்பரின் மீது எமல்ஷன் நிற்காது. தோல் தோலாக உரிந்து வரும். முழுவதையும் சுரண்டி எடுத்து, பட்டி (மேடுபள்ளத்தை நிரப்பும் பூச்சு) பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, அதற்கு மேல் பிரைமர் என்ற அடிப்பூச்சு அடிக்க வேண்டும். பட்டி வேலையின் குறையை வெள்ளைச் சுவர் மறைக்கும், அடர் நிறம் காட்டிக்கொடுக்கும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, ஒரு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து ஒளியைப் பக்கவாட்டில் ஓடவிட்டால் ஒவ்வொரு மேடும் பள்ளமும் நிழலோடு எழுந்து நிற்கும். அதைப் பார்த்து மறுபடியும் தேய்க்கச் சொல்லுங்கள். வேலையாட்கள் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

பிரைமரை வெள்ளையாக அடிக்காமல், அதில் கொஞ்சம் சாம்பல் நிறம் கலந்து அடிக்கச் சொல்லுங்கள். அடர் நிறத்துக்கான மூலப் பெயிண்டில் வெள்ளைப்பொருள் மிகவும் குறைவு; அதனால் அடியில் இருப்பதை மூடும் சக்தியும் குறைவு. அடியில் வெள்ளை இருந்தால் நான்கு கை அடித்தாலும் திட்டுத் திட்டாக எட்டிப் பார்க்கும். சாம்பல் இருந்தால் இரண்டு கையில் அடங்கிவிடும், மிஞ்சினால் மூன்று. ஒரு லிட்டர் ஒரு கைக்குச் சுமாராக 200 சதுர அடி வரும். உங்கள் மேற்குச் சுவர் 140 சதுர அடி என்றால் மூன்று கைக்கு இரண்டு லிட்டருக்குச் சற்று மேல் வேண்டும். நிறம் கலக்கும் மூலப் பெயிண்ட் டப்பாக்கள் பலவும் 900 மில்லியாகத்தான் வரும், சாறு விடுவதற்கு இடம் வேண்டும் அல்லவா? எத்தனை டப்பா வாங்கினாலும் எல்லாவற்றையும் ஒரே வாளியில் கொட்டிக் கலக்கிய பிறகே தொடங்க வேண்டும். டப்பாவுக்கு டப்பா ஒரு மயிரிழை வேறுபாடு இருக்கும். சுவரின் நடுவில் டப்பா மாறினால் அது கோடாகத் தெரியும்.

ஒரு மூலையில் தொடங்கினால் மறு மூலையில்தான் நிறுத்த வேண்டும். பாதியில் சாப்பிடப் போனால் அந்த இடத்தில் தழும்பு விழும். அடிக்கும்போது மின்விசிறியை நிறுத்தி வைக்க வேண்டும்.

கடைசியாக ஓதம், அதாவது சுவரில் ஏறும் ஈரம். 1978ஆம் ஆண்டு வீடு என்கிறீர்கள், ஆற்றங்கரைப் பகுதி வேறு. சுவரின் அடிப்பகுதியில் எங்காவது உப்புப் பூத்திருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். மேலூர்ப் பக்கம் ஒரு வீட்டில் இதைப் பார்க்காமல் நான் அடர் பழுப்பு அடித்துக் கொடுத்தேன். ஐப்பசி மழை முடிந்து போய்ப் பார்த்தால், தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு நாட்டு வரைபடம் போல வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. வெளிர் நிறமாக இருந்திருந்தால் அது பாதி கண்ணுக்குத் தெரிந்திருக்காது. என் செலவில் சுரண்டி மறுபடியும் அடித்துக் கொடுத்தேன்.

சுண்ணாம்புக் காளவாய் எழுதியது:

நான் மாறுபட்டே சொல்கிறேன். உங்கள் கூடத்தில் பழுப்பு ஏற்கெனவே இருக்கிறது. தரை செம்பழுப்பு, கதவும் நிலையும் தேன்பழுப்பு, ஊஞ்சல் பலகையும் மரம்தான். செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். பர்மாத் தேக்குத் தூண்களும் கதவுகளும் அந்த அளவுக்கு எழுந்து நிற்பதற்குக் காரணம், அவற்றுக்குப் பின்னால் இருக்கும் சுவர்கள் முட்டை வெள்ளைக் கரு சேர்த்து மெருகேற்றிய வெண்சுண்ணாம்புப் பூச்சாக இருப்பதுதான். பழுப்பை மரத்திடம் விட்டுவிட்டு, சுவருக்கு வெள்ளையைக் கொடுப்பதே நம் ஊர் வெளிச்சத்துக்கும் வெக்கைக்கும் பொருந்தியது என்பது என் கருத்து.

ஓதம் இருந்தால் எமல்ஷன் அந்த ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கும். சுண்ணாம்பு மூச்சு விடும். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சுண்ணாம்பில் எவ்வளவு காவி கலந்தாலும் நீங்கள் கேட்கும் கருப்பட்டி நிறம் வராது. சுண்ணாம்பு தானே வெண்மையானது என்பதால் இளங்காவி வரைக்கும்தான் போகும். அதற்கு மேல் நிறத்தைக் கூட்டினால் உதிரத் தொடங்கிவிடும்.

கோவை மாடிவீடு எழுதியது:

சகோதரி, நான் அடித்து, வருந்தி, பிறகு சரிசெய்து, இப்போது மகிழ்ச்சியாக இருப்பவள். ஆகையால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். எங்கள் வீட்டில் 12 அடிக்குப் 11 அடி அறை ஒன்று படிப்பதற்கென்று இருக்கிறது. நிறங்களுக்குத் தர எண் வழங்கும் பாண்டோன் நிறுவனம் 2025ஆம் ஆண்டின் நிறமாக மோக்கா மூஸ் என்ற பழுப்பை அறிவித்ததிலிருந்து எங்கு பார்த்தாலும் பழுப்பு அறைகளின் படங்களாக இருந்தன. அது பால் தாராளமாக விட்ட காப்பி. நீங்கள் கேட்கும் கருப்பட்டி அதைவிடப் பல படி இருண்டது. நானும் அந்தப் படங்களில் மயங்கி, அதைவிட அடர்வான ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நான்கு சுவர்களுக்கும் அடித்துவிட்டேன்.

முதல் வாரம் அந்த அறைக்குள் நுழைந்தாலே மனம் கனத்தது. அறை சிறியதாகிவிட்டது என்பதன்று என் குறை. உண்மையில் மூலைகள் எங்கே முடிகின்றன என்பதே தெரியாமல் போய், சற்றுப் பெரியதாகக்கூடத் தோன்றியது. குறை வெளிச்சத்தில் இருந்தது. நல்ல வெள்ளைச் சுவர் தன் மீது விழும் ஒளியில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் திருப்பித் தரும். இத்தகைய அடர் பழுப்பு பத்துப் பங்குகூடத் தராது. இந்த எண்ணைச் சில நிறுவனங்கள் நிற அட்டையின் பின்புறத்திலேயே அச்சிடுகின்றன, நாம்தான் பார்ப்பதில்லை. வெள்ளை அறைக்குப் போதுமாக இருந்த ஒற்றை 20 வாட் டியூப், பழுப்பு அறையில் தன்னைத் தவிர வேறு எதையும் காட்டவில்லை.

அதைக் கழற்றிவிட்டு 3000 கெல்வின் கொண்ட சூடான விளக்குகளாக மூன்று வைத்தேன். ஒன்று புத்தக அலமாரிக்கு மேலிருந்து சுவரை நனைப்பது போல, ஒன்று மேசை மீது, ஒன்று நாற்காலிக்குப் பக்கத்தில் இடுப்பளவு உயரத்தில். விளக்கு வாங்கும்போது நிறங்களை உள்ளபடி காட்டும் திறன் 90 என்றோ அதற்கு மேலோ அட்டைப்பெட்டியில் குறித்திருக்கிறதா என்றும் பாருங்கள். அன்றைக்கு இரவுதான் நான் விலை கொடுத்து வாங்கிய நிறத்தை முதன்முதலாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். மேல்தளத்துக்கு அடித்திருந்த தூய வெள்ளையையும் மாற்றி, மோர் நிறத்துக்குக் கொண்டுவந்தேன். அடர் பழுப்புக்குப் பக்கத்தில் பால்வெள்ளை நீலம் பாய்ந்தது போல வெட்டென்று தெரியும்.

யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஸ்விட்ச் பலகைகள்! வெள்ளைச் சுவரில் இத்தனை ஆண்டுகளாகக் கண்ணில் படாமலே இருந்த வெள்ளை ஸ்விட்ச் தட்டுகளும், மின்கம்பி ஓடும் வெள்ளை பி.வி.சி. பட்டிகளும், ஏ.சி. பெட்டியும் பழுப்புச் சுவரில் பல் தெரியச் சிரிக்கும். தட்டுகளை மட்டும் கரும்பழுப்பில் வாங்கி மாற்றினேன். கம்பிப் பட்டிகளின் மீது சுவர் நிறத்தையே அடித்துவிட்டோம். ஏ.சி. பெட்டியை ஒன்றும் செய்ய முடியவில்லை, அது அங்கேயே இருக்கிறது.

அறைக்குள் என்ன வைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். கரிய நூக்க மரச் சாமான்களைப் பழுப்புச் சுவரோடு ஒட்டிப் போட்டால் அவை காணாமல் போய்விடும். பிரம்பு நாற்காலி, வெளுத்த பருத்தித் திரை, பத்தமடைப் பாய் போன்ற வைக்கோல் நிறப் பொருள்கள் மேலெழுந்து வரும். பித்தளைக்கு இதைவிட நல்ல பின்னணி கிடையாது. பொன்தகடு ஒட்டிய தஞ்சாவூர் ஓவியம் வெளிர் சுவரில் பாதி ஒளியை இழந்துதான் நிற்கும். பழுப்பில் மாட்டி மேலிருந்து ஒரு சூடான விளக்கைக் காட்டிப் பாருங்கள். துணிகளில் மஞ்சளும் இலைப்பச்சையும் எனக்குப் பிடித்திருந்தன. பவானி ஜமுக்காளம் ஒன்றை விரித்துப் பார்த்தேன். அதன் பட்டைகள் அத்தனை நிறத்தையும் சுவர் தாங்கிக்கொண்டது.

மேட் பூச்சு அடித்தால் சுவரின் குறைகள் மறையும், ஆனால் நாற்காலி உரசினால் வெள்ளைக் கீறல் விழும். ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்தால் அந்த இடம் மட்டும் மெருகேறிப் பளபளக்கும். பிள்ளைகள் கை வைக்கும் உயரத்தில் இது ஒரு தொல்லைதான். தூசியும் கூடுதலாகத் தெரியும். அதே சமயம், கொசுவை அடித்த கறை தெரியாது என்பதை ஓர் ஆறுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

வண்ணக்காரர் சொன்னதை நானும் வழிமொழிகிறேன். உங்கள் கூடத்துக்கு ஒரு சுவர் போதும்.

காவிரிக்கரை எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. மூடியின் மீதிருந்த சீட்டைப் பார்த்தேன். வண்ணக்காரர் ஐயா ஊகித்தபடியே கறுப்பு அதிகமாகவும் மஞ்சள் ஆக்சைடு மிகக் குறைவாகவும் இருந்தது, மெஜந்தாவும் கொஞ்சம் இருந்தது. கடைக்காரரிடம் மறுபடியும் போய் வேறு எண் ஒன்றைக் கலக்கி, பலகையில் அடித்து வைத்திருக்கிறேன். அடிச்சுவரில் உப்பு எதுவும் தட்டுப்படவில்லை.

சுண்ணாம்புக் காளவாய் சொன்னது மனத்தைச் சற்று அசைத்துவிட்டது என்பதை மறைக்க விரும்பவில்லை. மேற்குச் சுவரின் இடது ஓரத்தில் உள்ளறைக்குப் போகும் தேக்குக் கதவு ஒன்று இருக்கிறது. பலகையை அதற்குப் பக்கத்தில் வைத்தால் மரமும் சுவரும் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. தரையின் சிவப்போ கீழே தனியாக இழுக்கிறது. இதற்கு என்ன வழி?

மதுரை வண்ணக்காரர் எழுதியது:

அம்மா, மரத்துக்கும் சுவருக்கும் ஒரே அடர்வு இருந்தால்தான் சண்டை. சுவர் மரத்தைவிடத் தெளிவாக இரண்டு படி இருண்டிருக்க வேண்டும்; அப்போது கதவு வெளிச்சமான பொருளாகத் தோன்றி முன்னால் வரும். இப்போது பலகையில் உள்ளது மரத்துக்கு மிக நெருங்கியதாக இருக்கும் என்று நினைக்கிறேன். அதே வரிசையில் இன்னும் ஒரு படி இருண்ட எண்ணை எடுங்கள். கதவுக்குப் பழைய வார்னிஷ் கறுத்திருந்தால் அதைத் தேய்த்தெடுத்துப் புதிதாக மெருகு போடுங்கள், மரத்தின் தேன்நிறம் திரும்பும்.

தரைக்கு ஒரு வழி சொல்கிறேன். உங்கள் சிவப்புத் தரை சுவரில் நான்கைந்து அங்குலம் ஏறியிருக்கும். அதன் மேல்விளிம்பிலிருந்து இரண்டு அங்குலத்துக்கு, மற்ற மூன்று சுவர்களுக்கும் அடிக்கப்போகும் மோர் நிறத்திலேயே ஒரு பட்டை விட்டுவிட்டு, அதற்கு மேல் பழுப்பைத் தொடங்குங்கள். சிவப்பும் பழுப்பும் ஒன்றையொன்று தொடாமல் இருந்தால் போதும். அந்தக் கோட்டுக்கு ஒட்டும் டேப்பை, பெயிண்ட் முழுதும் காய்வதற்கு முன்பே, சாய்வாக இழுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். காய்ந்த பிறகு பிரித்தால் விளிம்பு பிய்ந்துகொண்டு வரும்.

சுண்ணாம்புக் காளவாய் சொல்வதையும் நான் மறுக்கவில்லை. மூன்று சுவர்களை வெளிறலாக வைப்பது அவர் சொன்னதற்காகவும்தான்.

காவிரிக்கரை எழுதியது:

வேலை முடிந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. மேற்குச் சுவருக்கு மட்டும் பழுப்பு, மற்ற மூன்றுக்கும் மேல்தளத்துக்கும் மோர் நிறம்.

சுரண்டவும் பட்டி பார்க்கவுமே ஐந்து நாட்கள் ஆயின. டார்ச் ஒத்திகையை நானே செய்து, பென்சிலால் வட்டமிட்டுக் கொடுத்தேன். பதினேழு வட்டங்கள் வந்தன. வேலைக்கு வந்தவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், ஆனாலும் தேய்த்துக் கொடுத்தார். சாம்பல் பிரைமரின் மீது முதல் கை காய்ந்தபோது திட்டாகவே இருந்தது. நான் கலங்கிப்போனேன். இரண்டாவது கையில் மூடியது. மூன்றாவது கை பாதிச் சுவரைத் தாண்டியிருக்கும்போது மின்சாரம் போய்விட்டதால், ஜன்னல் வெளிச்சத்திலேயே நிறுத்தாமல் அடித்து முடித்தார்கள்.

மாமியார் முதலில் ஒன்றும் சொல்லவில்லை. டேப்பைப் பிரித்தபோது சிவப்புத் தரைக்கும் பழுப்புச் சுவருக்கும் நடுவில் அந்த வெளிர்க் கோடு தெரிந்ததே, அப்போதுதான் பக்கத்தில் வந்து நின்று, "செம்மண் இட்டால்தானே கோலமே எடுக்கும்" என்றார். மார்கழி என்பதால் அன்று காலை வாசலில் அவரே செம்மண் இட்டிருந்தார். எனக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் தேவைப்படவில்லை. என் கணவர் இன்னும் அடுப்படி என்றுதான் சொல்கிறார், ஆனால் மாலையில் அந்தச் சுவருக்கு எதிரே நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்காருகிறார்.

டியூப்லைட்டை எடுத்துவிடவில்லை, ஏனென்றால் அதன் கீழேதான் காய் நறுக்குவதும் பிள்ளைகளின் வீட்டுப்பாடமும் நடக்கின்றன. அதற்குத் தனி ஸ்விட்ச் வைத்து, மேற்குச் சுவருக்கு மட்டும் 3000 கெல்வின் விளக்குகள் இரண்டு போட்டிருக்கிறோம். ஆறரை மணிக்கு அவற்றைப் போட்டால் ஊஞ்சலின் பித்தளைச் சங்கிலி ஒவ்வொரு கண்ணியாகச் சுவரிலிருந்து பிரிந்து தெரிகிறது. டியூப்பையும் சேர்த்துப் போட்டால் மறுபடியும் கத்தரிக்காய் எட்டிப் பார்க்கத்தான் செய்கிறது, முன்னளவுக்கு இல்லை.

குறை ஒன்று உண்டு. நாட்காட்டி மாட்டியிருந்த பழைய ஆணியைப் பிடுங்கிய இடத்தை நாங்கள் பிறகு அடைத்து, அதே பெயிண்டைத் தொட்டு வைத்தோம். நாலணா அளவுக்கு ஒரு வட்டம் அங்கே தனியாகத் தெரிகிறது. அதை மறைக்கவே நாட்காட்டியை மறுபடியும் அங்கேயே மாட்டியாயிற்று. ஸ்விட்ச் தட்டுக்குப் பொங்கலுக்குப் பிறகுதான் ஆள் வருவார். அதுவரை அது பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும்.

அரை டப்பா பெயிண்ட் மீதம் இருக்கிறது. மூடியின் மீது நிறத்தின் எண்ணையும் அடித்த தேதியையும் எழுதிப் பரணில் வைத்துவிட்டேன்.